பாந்தமான சுடிதார், குர்த்தி: வாங்கவும் தைக்கவும் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எனக்கு எல் சைஸ்தான் சரி. உடம்போட ஒட்டாம இருக்கட்டும்னு எக்ஸ்எல் எடுக்கிறேன். ஆனா கழுத்து இறங்குது, தோள் நழுவுது, பஸ்ல கம்பியைப் பிடிச்சா டாப்ஸ் மொத்தமும் மேலே ஏறுது. ஏன்?

பதில்: சைஸ் கூடும்போது மார்பும் இடுப்பும் மட்டும் கூடாதும்மா. கழுத்து அகலம், தோள், கைக்குழி (கை இணையுற வளைவு) எல்லாமே சேர்ந்து கூடும். கழுத்து அகலமானா தோள் நழுவும், தோள் நழுவினா முன்கழுத்து இன்னும் கீழே போகும். கைக்குழி அக்குளை விட்டு இறங்கி நின்னா, கையைத் தூக்கும்போது பக்கத் தையலையும் சேர்த்து இழுக்கும். டாப்ஸ் ஏறுறது அதனாலதான். கைக்குழியில வெட்டின துணி போனது போனதுதான், அப்புறம் சரிசெய்யறது கஷ்டம்.

அதனால தோளுக்குச் சரியா நிக்கிற சைஸையே எடுங்க. தளர்வு வேணும்னா கட்டிங்ல தேடுங்க: நேர்கட், இல்லன்னா கீழே போகப் போக விரியுற ஏ-லைன். இழுபடாத காட்டன்ல மார்புச் சுற்றளவை விட 3 முதல் 4 அங்குலம் கூட இருந்தாலே ஒட்டாது. தைக்கக் கொடுத்தா கழுத்து அகலம் 6, முன் ஆழம் 6, பின் ஆழம் 4 அங்குலம்னு ஆரம்பிச்சு உங்க தோளுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்கலாம். முன்னும் பின்னும் ஒருசேர ஆழமா வைச்சா எவ்வளவு நல்ல தையல்காரர் தைச்சாலும் தோள் நிக்காது.

கேள்வி: கடையில தையல் நல்லா இருக்கான்னு சட்டுனு எப்படிப் பார்க்கிறது?

பதில்: உள்பக்கம் திருப்புங்க. வெளிப்பக்கத்தை யாரும் அழகா காட்டிடலாம். பக்கத் தையல்ல 1 அங்குலம் துணி விட்டிருந்தா, ஓரத்துக்குக் கால் அங்குலம் வைச்சுக்கிட்டு முக்கால் அங்குலம் பிரிச்சுவிடலாம். இரண்டு பக்கம், முன்னும் பின்னும், ஆக மொத்தச் சுற்றளவுல 3 அங்குலம் கிடைக்கும். கால் அங்குலத்துல துணியை வெட்டி ஓவர்லாக் (ஓரம் பிரியாம நூல் சுத்துற தையல்) அடிச்சு முடிச்சிருந்தா, உடம்பு கொஞ்சம் போட்டாலும் அந்த உடை அலமாரிக்குத்தான்.

அடுத்து தையலை எண்ணுங்க. அங்குலத்துக்கு 10 முதல் 12 வேணும். ஆறேழுதான் இருந்தா, தையலின் இரண்டு பக்கமும் பிடிச்சு இழுத்தாலே பல்லிளிச்ச மாதிரி நூல் தெரியும். ஸ்லிட் (பக்கவாட்டுத் திறப்பு) மேலே முடியுற இடத்துல குறுக்கே கெட்டித் தையலோ, உள்ளே சின்னத் துணி ஒட்டோ இருக்கணும். முதல்ல கிழியிற இடம் அதுதான். கோடு, கட்டம் போட்ட துணியா இருந்தா பக்கத் தையல்ல கோடு கோட்டோட சேருதான்னு பாருங்க. அதைச் சேர்க்கத் துணி கூடப் பிடிக்கும்; மிச்சம் பிடிக்கிறவங்க அந்த வேலையைச் செய்யறதில்லை.

கேள்வி: ரயான் குர்த்தி தினசரி ஆபீசுக்கு ஆகுமா?

பதில்: விழுகை நல்லா இருக்கும், ஆனா ரயான் நனைஞ்சா பலம் குறையும். முறுக்கிப் பிழிஞ்சா சீக்கிரம் நைஞ்சிடும். வாரம் இரண்டு தடவை போடுற உடைக்கு நெருக்கமா நெய்த கேம்ப்ரிக் காட்டன்தான் என் தேர்வு.

கேள்வி: லைனிங் வைச்சுத் தைச்ச டாப்ஸ், முதல் துவைப்புலயே கீழே சுருக்கம் விழுந்து தூக்கிக்கிச்சு.

பதில்: மேல்துணி ஒரு அளவு சுருங்கும், லைனிங் வேற அளவு சுருங்கும். 44 அங்குல நீளத்துல 5 சதவீதம் சுருங்கினாலே 2 அங்குலத்துக்கு மேல போயிடும். இரண்டையும் தனித்தனியா ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப்போட்டு, நிழல்ல காயவைச்சு, லேசா ஈரம் இருக்கும்போதே அயர்ன் பண்ணிட்டு அப்புறம் தையல்காரர்கிட்ட கொடுங்க. லைனிங்கைக் கீழ்மடிப்போட சேர்த்து அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க. அது தனியா, 1 அங்குலம் குட்டையா தொங்கட்டும்.

கேள்வி: வெளிர் நிறம் எடுத்தா உள்ளே தெரியுமோன்னு பயம்.

பதில்: ஒற்றைத் துணிக்குள்ள கையை விட்டு, கடை வாசல் வெயில்ல விரலை விரிச்சுப் பாருங்க. விரல் இடைவெளி தெரிஞ்சா லைனிங் கட்டாயம். வெள்ளைக்கு உள்ளே வெள்ளை இன்னர் போட்டா அதுதான் எடுப்பா தெரியும். தோல் நிறத்துல போடுங்க.

கேள்வி: அம்மாவோட மதுரைச் சுங்குடிப் புடவை ரெண்டு இருக்கு. அம்பர்லா கட் தைக்கலாமா? பார்டர் கீழே வரணும்.

பதில்: அம்பர்லாவுக்குக் கீழ்விளிம்பு வட்டமா வெட்டணும், நேரா ஓடுற பார்டர் அதுல வளையாது. பார்டர் வேணும்னா நேர்கட்தான். ஏ-லைன்லகூட பக்கவாட்டு விரிவு கூடினா ஓரத்துல பார்டர் தொங்கும்.

புடவையின் அகலத்தை உடையோட நீளமா வைச்சு வெட்டச் சொல்லுங்க. அகலம் 46 அங்குலம்னா 42 அங்குல டாப்ஸ் தாராளமா வரும். கீழே புடவை விளிம்பே இருக்கிறதால மடிச்சு அடிக்க வேண்டாம், பார்டர் முழுசா நிக்கும். மேல்பக்கம் மிச்சமாகிற பார்டர் கைக்கு. புடவை நீளத்துல முன்னுக்கும் பின்னுக்கும் சேர்த்து ஒன்றரை மீட்டர், கைக்கு அரை மீட்டர். முந்தானைப் பக்கம் இரண்டேகால் மீட்டரை அப்படியே துப்பட்டாவா வைச்சுக்கலாம். கணுக்கால் வரைக்கும் வேணும்னா மேலே யோக் (தோள், மார்புப் பகுதிக்குத் தனித் துண்டு) இணைக்கணும்.

வெட்டறதுக்கு முன்னாடி புடவையை வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. பின் குத்தின இடம், கொசுவ மடிப்பு, இங்கெல்லாம் இழை விலகி மெலிஞ்சிருக்கும். இரண்டு கட்டைவிரலால இழுத்தா பிரியுற இடத்தை ஒதுக்கிட்டு வெட்டுங்க.

கேள்வி: ஆன்லைன்ல அளவு எப்பவும் தப்பாப் போகுது.

பதில்: அந்த அட்டவணை உடம்பு அளவா, உடை அளவான்னு முதல்ல பாருங்க. உங்களுக்கு நல்லா நிக்கிற குர்த்தியைத் தரையில விரிச்சு, அக்குளுக்குக் கீழே பக்கத்துக்குப் பக்கம் அளந்து இரண்டால பெருக்குங்க. தோளையும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அளந்து குறிச்சுக்குங்க. தோள் அளவே போடாத பக்கத்துல நான் வாங்க மாட்டேன்.

கேள்வி: ஸ்லிட் வைச்ச டாப்ஸ்ல பாக்கெட் வருமா?

பதில்: வரும். வாய் 6 அங்குலம், இடுப்புக்கு 3 அங்குலம் கீழே ஆரம்பிக்கட்டும். பையின் அடி முடிஞ்ச பிறகுதான் ஸ்லிட் தொடங்கணும், இல்லன்னா பை வெளியே எட்டிப் பார்க்கும். ஸ்லிட் இறங்கினா நடைக்கு இடம் குறையும். அதனால இடுப்புக்குக் கீழ்ச் சுற்றளவுல 2 அங்குலம் கூட வைக்கச் சொல்லுங்க.