தவறிப்போன கட்டளைக்குச் சிறையா?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் காபி, மிளகு மொத்த வியாபாரம் செய்யும் நிறுவனத்தில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிறேன். ஏற்காடு கிளையையும் சேர்த்து 26 கம்ப்யூட்டர்கள். வட்டில் இடமில்லை, விண்டோஸின் பழைய பதிப்பு கிடக்கும் கோப்புறையை எல்லாவற்றிலும் அழித்துவிடும்படி மேலாளர் வாட்ஸ்அப்பில் சொன்னார். கட்டளைகளை ஒரே ஸ்கிரிப்டாக எழுதி இரவில் அனுப்பினேன். கோப்புறைப் பெயரைக் குறிக்க வைத்த மாறியின் (variable) பெயரை மேல் வரியில் ஒரு மாதிரியும் கீழ் வரியில் வேறு மாதிரியும் எழுத்துக்கூட்டிவிட்டேன். காலையில் 19 கம்ப்யூட்டர்கள் இயங்கவில்லை, கணக்குகளும் போய்விட்டன. முதலாளி சம்பளத்தை நிறுத்திவிட்டார். 4 லட்சம் ரூபாயும், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையும் கேட்கிறார். தராவிட்டால் சைபர் கிரைமில் புகார் என்கிறார். முன்ஜாமீன் வாங்க வேண்டுமா? சர்வரில் இருக்கும் ஸ்கிரிப்டை நீக்கிவிடட்டுமா?

பதில்: ஸ்கிரிப்டைத் தொடாதீர்கள். இதுவரை நடந்தது பிழை. சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை வரவிடாமல் அழித்தால் அது தனிக் குற்றம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. உங்களுக்கு இருக்கும் நல்ல சாட்சியும் அந்த ஸ்கிரிப்டுதான். இப்படிப்பட்ட கட்டளைக் கோப்பில் (batch file) மதிப்புத் தராத மாறி வெறுமையாகிவிடும். ‘சி டிரைவில் இன்ன கோப்புறை’ என்று எழுதியது வெறும் ‘சி டிரைவ்’ என்று நின்றுவிட்டது. அழிப்பதற்கு முன் கேட்காதே என்று நீங்களே சேர்த்திருந்ததால் அது கேட்கவும் இல்லை. கெடுக்க நினைத்தவன் மேல் வரியில் சரியான கோப்புறைப் பெயரை மெனக்கெட்டு எழுதியிருப்பானா? இதைத்தான் உங்கள் வக்கீல் வாதிடுவார்.

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியின்றித் தகவலை அழிப்பதைப் பற்றியது. அது குற்றமாக வேண்டுமென்றால், 66ஆம் பிரிவின்படி நேர்மையற்ற எண்ணமோ மோசடி எண்ணமோ இருந்திருக்க வேண்டும். மேலாளரின் செய்தி இருக்கும்போது அதை நிரூபிப்பது கடினம். அதனால் அந்தக் கைபேசியை மாற்றாதீர்கள், செய்தியை அழிக்காதீர்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவில் சொல்லும், மின்னணுப் பதிவுக்கான சான்றிதழும் வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நீட்டினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும்.

66ஆம் பிரிவுக்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். அதற்கு முன்ஜாமீன் மனு போட்டால் செலவுதான் மிச்சம். நம்பிக்கை மோசடிப் பிரிவையும் சேர்த்தால் என்னிடம் வாருங்கள், அப்போது பேசலாம்.

பணம் வேறு கதை. 43ஆம் பிரிவு இழப்பீட்டுக்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. அனுமதி பழைய கோப்புறைக்கு மட்டும்தான், கணக்குகளுக்கு இல்லை என்று முதலாளி வாதிடலாம். அந்த வாதத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ஆனாலும் 4 லட்சம் எப்படி வந்தது என்று அவர்தான் காட்ட வேண்டும். கணக்குகளுக்கு ஒரு நகல்கூட வைக்காதது யார் பொறுப்பு என்ற கேள்வியும் எழும். உங்கள் விளக்கத்தைக் கேட்காமல் இழப்புக்கென்று சம்பளத்தில் கைவைக்கவும் முடியாது.

வெற்றுக் காசோலை மட்டும் கொடுக்கவே கூடாது. கையெழுத்தோடு, தொகையை நிரப்பும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறீர்கள். அது பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் செக் வழக்கு. கடன் இல்லை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். பத்துப் பேரில் எட்டுப் பேர் இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் என் அறைக்கு வருகிறார்கள்.

இன்றே முதலாளிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, அந்த 19 கம்ப்யூட்டர்களின் வட்டுகளில் மீண்டும் விண்டோஸ் ஏற்ற வேண்டாம் என்று கேளுங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்காக இருந்தால், மேலே புதிதாக எழுதப்படாதவரை, அழிந்த கோப்புகளில் பலவற்றை மீட்க வாய்ப்பு உண்டு; எஸ்.எஸ்.டி. வட்டாக இருந்தால் வாய்ப்பு குறைவு. மீளும் ஒவ்வொரு கணக்கும் அந்த 4 லட்சத்தைக் குறைக்கும்.