விபத்து இழப்பீட்டுச் சட்டத்தை எங்கிருந்து புரிந்துகொள்ளத் தொடங்குவது?

கொத்தனாராக வேலை பார்க்கும் உங்கள் தந்தை, 52 வயதில், சாலையைக் கடக்கும்போது கார் மோதிக் கால் முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார் என்றும், இழப்பீடு கேட்கும் முன் இந்தச் சட்டத்தின் அடிப்படைகளைத் தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் வழக்குரைஞர் அல்ல. கோவையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 2022 அக்டோபரில் என் தம்பியின் இருசக்கர வாகனத்தின் மீது கார் மோதி அவனுடைய வலது மணிக்கட்டு நொறுங்கியது. அன்று முதல் தீர்ப்பு வரும் வரை இரண்டரை ஆண்டுகள் அந்த வழக்கின் ஒவ்வொரு தாளையும் நான்தான் சேர்த்து வைத்தேன், ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான்தான் உடன் சென்றேன். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

ஒரு விபத்திலிருந்து இரண்டு வழக்குகள் பிறக்கின்றன என்பதே எனக்குத் தொடக்கத்தில் தெரியாது. காவல் நிலையத்தில் பதிவாவது ஓட்டுநர் மீதான குற்ற வழக்கு. அதை அரசு நடத்துகிறது. அதன் முடிவில் தண்டனையோ அபராதமோ உண்டு, உங்கள் தந்தைக்குப் பணம் கிடைக்காது. பணம் கேட்பதற்கு, ஒருவருடைய கவனக்குறைவால் இன்னொருவருக்கு நேர்ந்த இழப்பைப் பணத்தால் ஈடுசெய்ய வேண்டும் என்ற தீங்கியல் கோட்பாட்டின் அடிப்படையில், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவின் கீழ் தனியாக மனுத் தாக்கல் செய்ய வேண்டும். அதை விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். நம் நீதிமன்றங்களில் எம்.சி.ஓ.பி. என்று எண் போடுவது இந்த மனுவுக்குத்தான். குற்ற வழக்கில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்திலோ, நீங்கள் சொல்வது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். காரின் உரிமையாளர் கட்டாயமாக எடுத்திருக்க வேண்டிய மூன்றாம் நபர் காப்பீட்டின் வழியே, காப்பீட்டு நிறுவனம்தான் பெரும்பாலும் தொகையைச் செலுத்துகிறது. ஆகவே உங்கள் வழக்கில் உண்மையான எதிர்த்தரப்பு அந்த நிறுவனத்தின் வழக்குரைஞர்தான்.

அவர் முதலில் கையில் எடுக்கும் தாள் எது தெரியுமா? அவசரப் பிரிவில் உங்கள் தந்தையைச் சேர்த்தபோது மருத்துவர் எழுதிய விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி. என் தம்பியைத் தூக்கிச் சென்ற பக்கத்துக் கடைக்காரர், பதற்றத்தில் ‘வண்டியிலிருந்து விழுந்துவிட்டார்’ என்று சொல்ல, பணியிலிருந்த மருத்துவரும் அப்படியே எழுதிவிட்டார். கார் என்ற சொல்லே அதில் இல்லை. அந்த ஒரு வரியை வைத்து, இவர் தானாகவே விழுந்தவர், கார் பின்னர் புகுத்தப்பட்டது என்று ஓராண்டுக்கும் மேலாக வாதாடினார்கள். மறுநாளே பதிவான முதல் தகவல் அறிக்கையும், காரின் முன்பக்கச் சேதத்தைக் குறித்திருந்த மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையும், கடைக்காரரின் சாட்சியமும் இருந்ததால் தப்பினோம். நீங்கள் இன்றே அந்தப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி, மோதிய வாகனத்தைப் பற்றி அதில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், காவல்துறையிடம் தரும் வாக்குமூலத்திலாவது வாகன எண், நேரம், இடம் மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். மருந்துக் கடை ரசீது முதல் ஆட்டோ கட்டணம் வரை எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் போட்டு வையுங்கள்.

சிகிச்சைச் செலவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2021 டிசம்பரிலிருந்து ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. 2025 மே மாதத்தில் ஒன்றிய அரசு அறிவித்த திட்டம், 7 நாள்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வழிசெய்கிறது. மருத்துவமனை நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள்.

மனு போடக் காலவரம்பு உண்டு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இந்த வரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கின்றன. ஆனாலும் அவற்றை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனுவைத் தாக்கல் செய்யலாம்.

இனித் தொகைக்கு வருகிறேன். பலர் ஏமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. மருத்துவச் செலவு, படுத்திருந்த மாதங்களின் கூலி, உடனிருந்தவரின் செலவு, சத்துணவு, வலியும் வேதனையும், இனி வரக்கூடிய சிகிச்சை என்று தலைப்பு தலைப்பாகக் கணக்கிடுகிறார்கள். நிரந்தரமாகக் குறைந்துபோன வருமானம்தான் இவற்றில் பெரியது. மருத்துவக் குழு என் தம்பியின் கைக்கு 40 சதவீத ஊனம் என்று சான்று தந்தது. கைக்கு 40 என்றால் முழு உடலுக்கு 15-தான் வரும் என்றது எதிர்த்தரப்பு. மேலும், அவர் சாப்பிடுகிறார், எழுதுகிறார், ஆகவே வருமானம் எதுவும் குறையவில்லை, சதவீதத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் என்று பெருக்கிக் கொடுத்தால் போதும் என்றும் வாதிட்டார்கள்.

இதற்குப் பதில், ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் இருக்கிறது. உறுப்பின் ஊன அளவு வேறு, முழு உடலின் ஊன அளவு வேறு, சம்பாதிக்கும் திறன் குறைந்த அளவு வேறு என்று அது பிரித்துக் காட்டுகிறது. ஒரே காயம் அலுவலக எழுத்தரின் சம்பளத்தைத் தொடாமல் போகலாம். ஓட்டுநரின் அல்லது தச்சரின் பிழைப்பையே அழித்துவிடலாம். அந்த மனிதர் விபத்துக்கு முன் என்ன வேலை செய்தார், இப்போது அதை அவரால் செய்ய முடிகிறதா என்பதையே தீர்ப்பாயம் பார்க்க வேண்டும். என் தம்பி கோவை கணபதிப் பகுதியில் ஒரு லேத் (கடைசல் இயந்திர) பட்டறையில் வேலை பார்த்தவன். பட்டறை உரிமையாளரை நாங்கள் சாட்சிக் கூண்டில் ஏற்றினோம். த்ரெட் போடும்போது வலது கை எவ்வளவு நுட்பமாக இயங்க வேண்டும், மைக்ரோமீட்டரை விரல் நுனியில் எப்படித் திருக வேண்டும், கனமான இரும்புத் துண்டை, அதைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் பொருத்த எவ்வளவு பிடிமானம் தேவை என்று அவர் பதினைந்து நிமிடம் விளக்கினார். நீதிபதி தடுக்காமல் கேட்டார். வருமான இழப்பு 40 சதவீதம் என்று ஏற்கப்பட்டது அந்தப் பதினைந்து நிமிடத்தால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதன் விளைவைக் கணக்கில் பாருங்கள். மாத வருமானம் 18,000 ரூபாய் என்று வங்கிப் புத்தகத்தின் வரவுகளால் காட்டினோம். 2017-ஆம் ஆண்டுப் பிரணாய் சேத்தி தீர்ப்பின்படி, 40 வயதுக்குக் குறைந்த, நிரந்தரப் பணியில் இல்லாதவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும், ஆக 25,200. ஆண்டுக்கு 3,02,400. அவனுக்கு வயது 34. சரளா வர்மா வழக்கில் 2009-ல் வகுக்கப்பட்ட அட்டவணைப்படி பெருக்கல் எண், அதாவது வயதைப் பொறுத்து ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 16. மொத்தம் 48,38,400. இதில் 15 சதவீதம் என்றால் 7,25,760 ரூபாய். 40 சதவீதம் என்றால் 19,35,360 ரூபாய். வட்டி இதற்கு மேல் தனி. ஒரே கை, ஒரே சான்று, ஆனால் பன்னிரண்டு லட்சம் வித்தியாசம்!

தவறு உங்கள் தந்தை மீதும் இருந்தது என்று சொல்வார்கள். அது ஏற்கப்பட்டால் அந்த விகிதத்தில் தொகை குறையும். விதியை மீறினார் என்பது மட்டும் அதற்குப் போதாது. இருசக்கர வாகனத்தில் மூவர் சென்ற வழக்கு ஒன்றில், விபத்துக்கோ காயத்துக்கோ அந்த மீறல் காரணமாக இருந்ததென்று காட்ட வேண்டும் என 2020-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

சமரசத்துக்கு யாரேனும் அணுகினால் ஒன்றை நினைவில் வையுங்கள். 164-ஆவது பிரிவின்படி, யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம் ரூபாய் பெறலாம். உடனே கைக்கு வரும் பணம் என்பதால் ஈர்ப்பாகத்தான் இருக்கும். ஆனால் சட்டத்தில் சொல்லியுள்ள நடைமுறைப்படி அதை ஏற்றுக்கொண்டால் 166-ஆவது பிரிவின் கீழான மனு காலாவதியாகிவிடும். காயம் ஆறி, ஊனம் எவ்வளவு என்று தெரியும் முன் எந்தச் சமரசத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்டு மருத்துவமனைக்கே வந்து நிற்பவர்களிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள். தீர்ப்பின் பலனைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை இந்திய வழக்குரைஞர் மன்றத்தின் விதிகளே தடை செய்கின்றன. வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம்.

உங்கள் தந்தைக்கு 52 வயது என்பதால் பெருக்கல் எண் 11, எதிர்கால உயர்வு 10 சதவீதம். கூலியைக் கையில் வாங்குபவராக இருந்தால் வங்கிச் சான்று இருக்காது. மேஸ்திரியின் சம்பளக் குறிப்பேடு, கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை, அவரை வேலைக்கு வைத்த வீட்டுக்காரரின் சாட்சியம் ஆகியவை அந்த இடத்தை நிரப்பும். எலும்பு கூடிவிட்டது, நடக்கிறார் என்று எதிர்த்தரப்பு சொல்லும் நாளில், கொத்தனாருக்கு நடந்தால் மட்டும் போதாது, சாரம் ஏற வேண்டும், குத்துக்காலிட்டுத் தளம் பூச வேண்டும், கலவைச் சட்டியோடு படியேற வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவருடன் பல ஆண்டுகள் வேலை பார்த்த மேஸ்திரி இருந்தால், இப்போதே அவரிடம் பேசி வையுங்கள்.