மல்டிடூலில் கத்தியின் பலம் வேறு, பிளையரின் பலம் வேறு

கேள்வி: வீடுகளுக்கு ஃபைபர் இன்டர்நெட்டும் சிசிடிவி கேமராவும் போட்டுக்கொடுக்கும் வேலை செய்கிறேன். ஏணியில் நின்றுகொண்டு பையைத் துழாவ முடியாது. அதனால் இடுப்பில் மாட்டிக்கொள்கிற மாதிரி, பிளையர், கத்தி, ஸ்குரூ டிரைவர் எல்லாம் ஒன்றாக மடங்கும் ஒரு மல்டிடூல் வாங்க நினைக்கிறேன். லெதர்மேன் வேவ் பிளஸ், விக்டோரினாக்ஸ் ஸ்விஸ்டூல் ஸ்பிரிட் இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறேன். விலைதான் யோசிக்க வைக்கிறது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு சீனத் தயாரிப்பும் கண்ணில் பட்டது. அதில் 440 ஸ்டீல் என்று போட்டிருக்கிறார்கள், லெதர்மேனில் 420தான். எண் பெரிதாக இருந்தால் பலம் அதிகமா? எதில் கத்தி உறுதி, எதில் பிளையர் உறுதி?

பதில்: நீங்கள் பார்த்த 420, 440 எல்லாம் கத்தி செய்த ஸ்டீலின் பெயர். பிளையர் எந்த ஸ்டீல், எப்படிப் பதம் பார்க்கப்பட்டது (அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கப்பட்டது) என்பதை அந்த எண் சொல்லாது. விளம்பரத்தில் கத்தியின் ஸ்டீலை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள். உங்கள் வேலையிலோ முதலில் அடிவாங்கப்போவது பிளையரில் இருக்கும் கம்பி வெட்டும் கட்டர். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுக்கும் டிராப் கேபிளை நினைத்துப் பாருங்கள். பல கேபிள்களில் பாரத்தைத் தாங்க ஓரமாக ஒரு மெசஞ்சர் கம்பி ஓடும். சுமார் 1 மி.மீ. கனம்தான், பார்க்க அப்பாவியாக இருக்கும். ஆனால் அது கட்டடம் கட்டுபவர்கள் பயன்படுத்தும் கட்டுக்கம்பி மாதிரி மென்மையானது இல்லை. கார்பன் அதிகமுள்ள ஸ்டீலை இழுத்து இழுத்து மெலிதாக்கிய கம்பி. பைக்கின் கிளட்ச் கேபிளும் கிட்டார் கம்பியும் இதே ஜாதி. பிளையரின் கட்டரை விடக் கம்பி கடினமாக இருந்தால் கட்டரில்தான் பள்ளம் விழும்.

கடினத்தை அளக்க ராக்வெல் சி என்ற அளவுகோல் உண்டு. சுருக்கமாக எச்.ஆர்.சி. என்பார்கள். விக்டோரினாக்ஸ் தன் ஸ்விஸ்டூல் வரிசையின் கம்பி வெட்டிக்கு 40 எச்.ஆர்.சி. வரை என்று ஒரு வரம்பே குறிப்பிடுகிறது. இழுத்துக் கடினமாக்கிய நல்ல ஸ்டீல் கம்பிகள் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். செம்பு, அலுமினியம், கட்டுக்கம்பி, சாதாரண ஆணி என்றால் கவலை இல்லை. கான்கிரீட் ஆணியையும் மெசஞ்சரையும் கிளட்ச் கேபிளையும் அதே இடத்தில் வைத்து நசுக்கக் கூடாது.

இதற்காகத்தான் நல்ல மல்டிடூல்களில் கட்டருக்குப் பின்னால், பிளையரின் மூட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வெட்டும் இடம் வைத்திருப்பார்கள். சின்னக் குழிவு மாதிரி இருக்கும், பலர் கவனிப்பதே இல்லை. கடினக் கம்பிக்கு அதுதான் இடம். மூட்டுக்கு மிகவும் பக்கத்தில் இருப்பதால் கைவிசை அங்கே பல மடங்காகப் பெருகும். கம்பியை அந்தக் குழிவில் நேராக வைத்து ஒரே அழுத்தாக அழுத்துங்கள். வெட்டவில்லை என்றால் பிளையரை இப்படியும் அப்படியும் ஆட்டி முறிக்கும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. கட்டர் ஓரம் சில்லு சில்லாக உதிர்வதும் மூட்டு லூஸ் ஆவதும் பெரும்பாலும் அந்த ஆட்டத்தால்தான்.

எவ்வளவு பார்த்துப் பயன்படுத்தினாலும் தினமும் கேபிள் வெட்டுகிறவரின் கட்டர் ஒருநாள் பள்ளம் விழத்தான் போகிறது. வேவ் பிளஸ் உங்களுக்குப் பொருந்துவது இந்த இடத்தில். வேவ் 1998-லிருந்து இருக்கிறது. பழைய வேவில் கட்டர் பிளையரோடு சேர்ந்த ஒரே உலோகம். 2018-ல் வந்த வேவ் பிளஸில் அதைத் தனித் துண்டாக்கி, திருகு வைத்துப் பொருத்திவிட்டார்கள். 154 சி.எம். என்ற உயர்தர ஸ்டீலில் செய்த துண்டு அது. கெட்டுப்போனால் திருகைக் கழற்றிப் புதிது போட்டுக்கொள்ளலாம். ஸ்பிரிட்டில் அந்த வசதி இல்லை.

அடுத்தது பிடிக்கும் பலம். ஒரு சின்னக் கணக்குப் போட்டால் விஷயம் புரிந்துவிடும். கையால் 40 கிலோ அளவுக்கு அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மல்டிடூலில் உங்கள் பிடியின் நடுப்பகுதி மூட்டிலிருந்து 7 செ.மீ. தள்ளியிருக்கும். கட்டர் மூட்டிலிருந்து 1 செ.மீ. தூரத்தில் இருந்தால் அங்கே விழும் அழுத்தம் ஏறக்குறைய 280 கிலோ. மூக்கின் நுனி 3 செ.மீ. தள்ளி என்றால் அங்கே 90 கிலோ சொச்சம்தான். நுனியில் பிடி வழுக்குகிறது என்றால் பொருளை உள்ளே தள்ளிப் பிடிக்க வேண்டும். பிளையரைக் குறைசொல்லிப் பயனில்லை. எட்டு அங்குலக் கட்டிங் பிளையரில் கைப்பிடி நீளம் என்பதால் அதே கைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விசை கிடைக்கும். இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்ட சாக் நிறுவனம் தன் பவர்லாக் மாடலில் பல்சக்கரம் வைத்து விசையைப் பெருக்கியது. நல்ல யோசனைதான்; ஆனால் கைப்பிடியை நிறைய விரித்தால்தான் வாய் கொஞ்சம் திறக்கும். ஏணிமேல் ஒற்றைக் கையால் வேலை பார்ப்பவருக்கு அது தொல்லை.

விசையை விட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. கட்டிங் பிளையரில் வாயிலிருந்து கைப்பிடி முனை வரை ஒரே துண்டாக அடித்த இரும்பு. மல்டிடூல் மடங்க வேண்டும் என்பதால் பிளையர் தலை தனி, கைப்பிடி தனி. கைப்பிடி மடக்கிய தகடுதான். நடு மூட்டோடு சேர்த்து மூன்று இடத்தில் அச்சு இருக்கிறது. நேராக அழுத்தினால் இவை தாங்கும். நட்டைப் பிடித்துத் திருகும்போது விசை பக்கவாட்டில் போய் தகட்டை வளைக்கும், அச்சைத் தேய்க்கும். ஊசி மூக்கின் நுனி முறிவதும் திருகும்போதுதான், அழுத்தும்போது அல்ல. எந்தக் கம்பெனி மல்டிடூலாக இருந்தாலும் துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற அதை நம்பாதீர்கள். ஸ்பேனர் எடுத்துவர இறங்கித்தான் ஆக வேண்டும்.

வேவ், ஸ்பிரிட் இரண்டின் பிளையரும் நடுத்தர அளவுதான். ஸ்பிரிட்டின் மூக்கு மெலிந்தது, சின்ன இணைப்புகளுக்குள் நன்றாக நுழையும். முரட்டுப் பிடி வேண்டுமென்றால் லெதர்மேனில் சர்ஜ், சூப்பர் டூல் 300 என்று தடித்த மூக்கு வைத்த மாடல்கள் உண்டு. இவற்றிலும் கட்டர் மாற்றலாம். ஆனால் வேவ் பிளஸ் 241 கிராம், ஸ்பிரிட் 200 கிராமை ஒட்டி. சர்ஜோ 300 கிராமைத் தாண்டும். நாள் முழுக்க இடுப்பில் தொங்குமே என்பதையும் யோசியுங்கள்.

சரி, இப்போது கத்திக்கு வருவோம். எண் பெரிதாக இருந்தால் பலமா என்று கேட்டீர்கள். எண் வெறும் பெயர். ஸ்டீலில் கார்பன் எவ்வளவு, எப்படிச் சூடாக்கிக் குளிர்வித்தார்கள் என்பவைதான் கணக்கு. 440-இலேயே மூன்று வகை உண்டு. 440 ஏ-யில் கார்பன் 0.60 முதல் 0.75 சதவீதம், 440 சி-யில் 0.95 முதல் 1.20 சதவீதம். எழுத்து இல்லாமல் வெறும் 440 என்று போட்டிருந்தால் எது என்று தெரிய வழியில்லை. 420-இலும் அப்படித்தான். மலிவான கத்திகளில் வரும் 420 ஜே2, 3சிஆர்13 போன்றவற்றில் கார்பன் 0.3 சதவீதத்தை ஒட்டி. தீட்டினால் கூர்மை வரும், ஆனால் நிற்காது. லெதர்மேனில் இருப்பது 420 எச்.சி. கார்பன் 0.45 சதவீதம் அளவு. உலகத்தின் உயர்ந்த ஸ்டீல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதம் சரியாகப் பார்த்த 420 எச்.சி., பதம் கெட்ட 440 சி-யை விட நல்ல கத்தி.

கடினம் ஏற ஏறக் கூர்மை நிற்கும், ஆனால் உடையும் தன்மையும் கூடும். இதற்கு விக்டோரினாக்ஸின் மடக்குக் கத்தியே நல்ல உதாரணம். ஒரே கைப்பிடிக்குள் இருக்கும் துண்டுகளுக்கு அவர்கள் வேறு வேறு கடினம் வைக்கிறார்கள். கத்திக்கு 56 எச்.ஆர்.சி., கத்தரிக்கோலுக்கும் ரம்பத்துக்கும் 53, ஸ்குரூ டிரைவருக்கு 52, ஸ்பிரிங்குக்கு 49. ஸ்குரூ டிரைவரையும் 56-க்குக் கொண்டுபோக அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. திருகும்போது முனை தெறிக்கக் கூடாது என்று வேண்டுமென்றே குறைக்கிறார்கள். நம் ஊர்க் கொல்லர் அரிவாளின் வாய்க்கு மட்டும் பதம் ஏற்றி முதுகை மென்மையாகவே விடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆகவே கேபிள் கிளிப்பையோ ஜங்ஷன் பாக்ஸ் மூடியையோ நெம்ப கத்தி முனையைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே தட்டை ஸ்குரூ டிரைவரைக் கொண்டுபோங்கள். பக்கவாட்டில் வளையாமல் தாங்கும் பலம், கனத்தின் வர்க்கத்தோடு ஏறும். கனம் பாதியானால் பலம் கால்வாசிக்கு இறங்கிவிடும். மல்டிடூல் கத்தியின் முதுகு 2, 3 மி.மீ. இருக்கலாம், ஆனால் முனையை நோக்கி மெலிந்துகொண்டே போகிறது. நெம்பும்போது உடைவது அந்தக் கடைசி அரை சென்டிமீட்டர்தான்.

உங்கள் விரலைக் காப்பது ஸ்டீலை விட லாக். கேபிள் உறையைக் கீறும்போது கத்தி திடீரென்று மடங்கினால் விரல் போச்சு. நீங்கள் சொன்ன இரண்டு பிராண்டு மாடல்களிலும் கத்திக்கு லாக் உண்டு. பிளையரைத் திறக்காமலே கத்தியை வெளியிலிருந்து எடுக்கலாம். வேவ் பிளஸ் கத்தியில் கட்டைவிரல் நுழைக்கத் துளை இருக்கிறது, ஒரு கையால் திறக்கலாம். ஸ்பிரிட்டில் அந்த வசதி எம்.எக்ஸ். மாடலில் கிடைக்கும், வாங்கும்போது கேட்டுப் பாருங்கள். ஏணிமேல் இது ஆடம்பரம் இல்லை, தேவை.

கேபிளுக்குள் வரும் மஞ்சள் கெவ்லார் நூலைக் கத்தியாலும் பிளையராலும் வெட்டப் பார்த்து அலுத்திருப்பீர்கள். அது நசுங்கும், வழுக்கும், அறுபடாது. கத்தரிக்கோல்தான் வழி. அதில் ஸ்பிரிட்டுக்கே என் ஓட்டு, விக்டோரினாக்ஸ் கத்தரிக்கோல் நிஜமாகவே நன்றாக வெட்டும். ஆனாலும் தினமும் கெவ்லார் வெட்டினால் எந்தச் சாதாரணக் கத்தரியும் மழுங்கும். ஃபைபர் வேலைக்கென்றே பல் வைத்த கெவ்லார் கத்தரி தனியாக விற்கிறது, அதைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரம் ரூபாய்ச் சீனத் தயாரிப்பை ஒரேயடியாக ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ரோக்சன், நெக்ஸ்டூல் போன்ற பெயர் தெரிந்த சீன பிராண்டுகள் உருப்படியாகச் செய்கிறார்கள். பெயரே இல்லாமல் வருபவற்றைத்தான் சோதிக்க வேண்டும். கடைக்குப் போகும்போது சின்னக் காந்தம் ஒன்று எடுத்துப்போங்கள். பதம் பார்த்துக் கடினமாக்கக்கூடிய 420, 440 வகை ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டும். பிளையர் தலை ஒட்டவில்லை என்றால் அது துத்தநாகக் கலவை வார்ப்பாக இருக்கலாம். கம்பி வெட்ட லாயக்கில்லை. ஒட்டினால் மட்டும் நல்ல சரக்கு என்றும் ஆகிவிடாது. வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். நுனி ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கட்டர் பகுதியில் வெளிச்சம் கசியக் கூடாது. இரண்டு கைப்பிடியையும் எதிரெதிர் திசையில் அசைத்துப் பாருங்கள். புதிதாக இருக்கும்போதே ஆட்டம் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தைக் கட்டரில் வைத்து வெட்டிப் பார்ப்பதும் நல்ல சோதனை.

மின்சாரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேமரா அடாப்டருக்காக நீங்கள் 230 வோல்ட் லைனையும் தொடுவீர்கள். மல்டிடூலின் கைப்பிடி வெறும் உலோகம். கட்டிங் பிளையரில் இருப்பது போன்ற இன்சுலேஷன் எதுவும் இல்லை. சிலவற்றில் பிளாஸ்டிக் ஒட்டியிருப்பார்கள். அது பிடிமானத்துக்கு, ஷாக்கைத் தடுக்க அல்ல. மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகுதான் அதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் வேவ் பிளஸைத்தான் எடுப்பேன், மாற்றும் கட்டருக்காக. நீங்கள் இழுக்கும் கேபிளில் ஸ்டீலுக்குப் பதிலாகக் கண்ணாடி இழைக் குச்சி வருகிறது, ஸ்டீல் கம்பி வெட்டும் வேலையே அபூர்வம் என்றால் முடிவு மாறும். அப்போது இலகுவான, கத்தரி நல்ல ஸ்பிரிட் போதும். இரண்டுக்கும் நீண்ட உத்தரவாதம் உண்டு: லெதர்மேனுக்கு 25 வருடம், விக்டோரினாக்ஸுக்கு ஆயுள் முழுக்க, முறையாகப் பயன்படுத்தியிருந்தால். இணையத்தில் வாங்கினால் பில்லைப் பத்திரமாக வையுங்கள். பணம் நெருக்கடி என்றால் பெயருள்ள சீன பிராண்டு ஒன்றையும், மெசஞ்சர் வெட்ட ஒரு நல்ல எட்டு அங்குலக் கட்டிங் பிளையரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். வேவ் பிளஸ் எடுத்தால் கூடவே மாற்றுக் கட்டர் ஒரு செட் ஆர்டர் செய்துவிடுங்கள். உள்ளூர்க் கடைகளில் அது கிடைப்பது கஷ்டம்.