கரண்ட் போய் வந்த பிறகு வீட்டு நாஸ் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை. ஃபார்மட் செய்யாமல் மீட்க முடியுமா?

கேட்டவருக்குப் புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடு. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஓபன்மீடியாவால்ட் என்ற மென்பொருளைப் போட்டு நாஸாக, அதாவது நெட்வொர்க் வழியாக ஃபைல்களை வைத்து எடுக்கிற வீட்டு சர்வராக, வைத்திருக்கிறார். 4 டிபி டிஸ்க், அதில் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் (ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கிக் கணக்கு வைக்கும் முறை). மழையில் கரண்ட் நாலைந்து தடவை போய்ப் போய் வந்திருக்கிறது. இப்போது மவுண்ட் செய்தால், அதாவது டிஸ்க்கைத் திறந்து பயன்பாட்டுக்குக் கொண்டுவரப் பார்த்தால், 'பேட் சூப்பர்பிளாக்' என்கிறது. ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கமாண்டை ஓட்டட்டுமா, இல்லை ஃபார்மட்தான் வழியா என்று கேட்கிறார்.

ஃபார்மட் வேண்டாம். எஃப்எஸ்சிகேவும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் மெஷினை ஆஃப் செய்யுங்கள். மீதியைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே அவசரத்தில் கையைச் சுட்டுக்கொண்டவன் நான். கமாண்டு பெயர்களை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறேன், டைப் செய்யும் முன் மேனுவலில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கடலூர், தேவனாம்பட்டினம் பக்கம். மொட்டை மாடியில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். என் மாமா முதுநகரில் ரொம்ப வருஷம் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது ஸ்டுடியோவின் கூரை போய்விட்டது. நெகட்டிவ் பெட்டிகளில் பாதி, நனைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. மிஞ்சியவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்து, கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்து, ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தோம். யார் யாருடையதோ காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம். பிற்பாடு அந்த நெகட்டிவ்களும் பூஞ்சை பிடித்துப் போயின. என் நாஸில் இருந்த ஸ்கேன்தான் ஒரே பிரதி. 'பேக்கப் எங்கே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இல்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல். புதுச்சேரி பக்கத்தில் கரையேறிவிட்டு நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டதே, அந்தப் புயல். கரண்டை ஒரேயடியாக நிறுத்துவதற்கு முன்பு எங்கள் தெருவில் போவதும் வருவதுமாக இருந்தது. யூபிஎஸ் பேட்டரிக்கு நாலு வயது. ஒரு தடவை 'கீ' என்றது, அவ்வளவுதான், அடங்கிவிட்டது. கரண்ட் திரும்பி வந்ததும் சர்வரை ஆன் செய்தேன். மவுண்ட் ஆகவில்லை.

உடனே இணையத்தில் பார்த்த முதல் வரியை அப்படியே ஓட்டினேன்: எஃப்எஸ்சிகே, மைனஸ் ஒய். கேட்கிற எல்லாக் கேள்விக்கும் 'எஸ்' என்று அதுவே பதில் சொல்லிக்கொள்ளும். திரையில் ஐநோடு எண்கள் (ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ளே இருக்கும் அடையாள எண்) மளமளவென்று ஓடின. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, ஏதோ பெரிய வேலை நடக்கிற மாதிரி. முடிந்ததும் டிஸ்க் மவுண்ட் ஆனது. திறந்து பார்த்தால் ஃபோல்டர்களில் பாதி காலி. 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற ஃபோல்டருக்குள் மட்டும் ஆயிரக்கணக்கில் ஃபைல்கள், பெயர் எதுவும் இல்லாமல், முன்னால் ஒரு ஹேஷ் குறியும் பின்னால் வெறும் எண்ணும். சரி, இன்னொரு தடவை ஓட்டினால் நேராகும் என்று மறுபடி ஓட்டினேன். புதுசாக இன்னும் பிழைகள் வந்தன.

அப்போதுதான் பொறி தட்டியது. ஒரு தடவை சரிசெய்து முடித்த ஃபைல் சிஸ்டத்தில் அடுத்த நிமிஷமே புதுப் பிழை வருகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் ஃபைல் சிஸ்டத்தில் இல்லை, அதற்குக் கீழே இருக்கிறது. ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் கணக்கு. அதைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் ஏ போட்டுப் பார்த்தேன். 5ஆம் எண் வரிசை, அதாவது கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்), பூஜ்யம். 197, படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்கள், அதுவும் பூஜ்யம். 199 மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அது சிஆர்சி பிழைக் கணக்கு. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே வழியில் தகவல் சிதைந்தால் ஏறுகிற எண். டிஸ்க் நல்லாத்தான் இருக்கிறது, பெரும்பாலும் கேபிள்தான் சரியில்லை என்று அர்த்தம்.

கேபினெட்டைத் திறந்து சாட்டா கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பிளக்கின் வாய்க்குள் இருக்கும் சின்னச் சின்னத் தகடுகளில் இரண்டு மங்கி, ஓரத்தில் செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறுவது போலப் பச்சை பூத்திருந்தது. உப்புக் காற்று. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி, கேஸ் அடுப்பின் கால், டிவி ரிமோட்டின் ஸ்பிரிங் என்று எல்லாவற்றையும் தின்கிற அதே காற்று. சாதாரணமாக இப்படிச் சிதைந்த தகவலைக் கம்ப்யூட்டர் மறுபடி அனுப்பிச் சமாளித்துவிடும். ஆனால் இணைப்பே அறுந்து அறுந்து ஒட்டும்போது, எழுத வேண்டியது பாதியில் நின்றுவிடும். அந்தக் கேபிள் வழியாகத்தான் நான் இரண்டு தடவை 'ரிப்பேர்' செய்திருக்கிறேன்.

ஆகவே நீங்களும் முதலில் இதைப் பாருங்கள்: கேபிளை மாற்றிவிட்டு ஸ்மார்ட் கணக்கு. நூறு ரூபாய் சமாச்சாரம். யூஎஸ்பி பெட்டிக்குள் டிஸ்க் இருந்தால் ஸ்மார்ட் தெரியாமல் போகலாம், 'மைனஸ் டி சாட்' சேர்த்துப் பாருங்கள், பல பெட்டிகளில் தெரியும். 199 பழைய கணக்கையும் சேர்த்தே காட்டும், குறையாது. அதனால் கேபிள் மாற்றிய பிறகு ஏறுகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 5, 197, 198 (இதுவும் படிக்க முடியாத செக்டர் கணக்குதான்) இவற்றில் எண் இருந்தால் கதை வேறு. டிஸ்க்கே சாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொண்டு, தேவையில்லாமல் அதைச் சுழல விடாதீர்கள். கடகடவென்று சத்தம் வந்தால் இதோடு நிறுத்திவிட்டு, டிஸ்க்கைப் பிரித்து மீட்பவர்களிடம் கொடுங்கள். வீட்டில் செய்கிற வேலை இல்லை அது.

இன்னொரு சின்ன விஷயம், சிரிக்காதீர்கள். எஸ்டிபி1 என்று பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதியை) கொடுக்க வேண்டிய இடத்தில் எஸ்டிபி என்று முழு டிஸ்க்கைக் கொடுத்தாலும் இதே 'பேட் சூப்பர்பிளாக்' பிழைதான் வரும். பலருடைய டிஸ்க்குக்கு இதைத் தவிர வேறு நோயே கிடையாது.

இப்போது எஃப்எஸ்சிகே ஏன் வேண்டாம் என்றேன் என்பது. அது உங்கள் போட்டோக்களைக் காப்பாற்ற வந்த ஆள் இல்லை. பழைய மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளை மாதிரி. வரவும் செலவும் நேராக வேண்டும், அவருக்கு அதுதான் வேலை. இரண்டு வரி ஒன்றோடொன்று முரண்பட்டால் ஒன்றை அடித்துவிடுவார். எந்தப் பேரேட்டைச் சேர்ந்தது என்று தெரியாத துண்டுச் சீட்டை ஒரு டப்பாவில் போடுவார், அந்த டப்பாதான் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட். ராத்திரி கணக்கு நேராகிவிடும், அடித்த வரி திரும்பி வராது. லேசான பாதிப்பு என்றால் அவர் செய்வது சரியாகவே இருக்கும், நூற்றுக்குத் தொண்ணூறு தடவை எதுவும் போகாது. ஆனால் உங்கள் பாதிப்பு லேசானதா என்பது அடித்து முடித்த பிறகுதான் தெரியும். அதனால் அவரிடம் அசல் பேரேட்டைக் கொடுக்கக் கூடாது. நகல் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நகல் எடுக்க ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. டிடி என்ற சாதாரண நகல் கமாண்டு, படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே நின்றுவிடும். இது அதைத் தாண்டிப் போய், நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கஷ்டமான இடங்களுக்கு அப்புறம் திரும்பி வரும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு மேப் ஃபைலில் குறித்து வைக்கும், நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊருக்கு இது முக்கியம். முதல் சுற்றுக்கு மைனஸ் என், இரண்டாம் சுற்றுக்கு மைனஸ் ஆர் 3. மூலம் எது, இலக்கு எது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க்கை உங்கள் டிஸ்க் மேல் எழுதிவிடும்.

இமேஜை, அதாவது டிஸ்க்கின் முழு நகலை, ஃபைலாக வைக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு 4 டிபி டிஸ்க்கில் இடம் போதாது, அந்த டிஸ்க்கின் ஃபைல் சிஸ்டமே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 6 அல்லது 8 டிபி வாங்குங்கள், பிறகு அதுவே பேக்கப் ஆகட்டும். வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் 4 டிபி நகலாக ஏழரை மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். என்னால் தூங்க முடியவில்லை என்பது வேறு விஷயம்.

இமேஜ் கையில் வந்ததும், அதன் மேலேயும் நேரடியாக எழுத வேண்டாம். க்யூகவ்2 வடிவில் ஒரு மேல்படலம் போட்டுக்கொள்ளலாம். கீழே இமேஜ் அப்படியே இருக்கும், எழுதுவதெல்லாம் படலத்துக்குப் போகும். சொதப்பினால் படலத்தை அழித்துவிட்டு இன்னொன்று. அதற்குப் பிறகு எஃப்எஸ்சிகேவோடு எத்தனை தடவை வேண்டுமானாலும் விளையாடுங்கள்.

எஃப்எஸ்சிகேவுக்கு முதலில் மைனஸ் என். எதையும் எழுதாது, என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும். பத்திருபது வரி வந்தால் கவலையில்லை. பக்கம் பக்கமாக ஓடினால் முதலில் ஃபைல்களை வெளியே எடுக்கப் பாருங்கள். ரீட் ஒன்லியாக மவுண்ட் செய்யலாம், ஆனால் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள்: எக்ஸ்ட்4இல் வெறும் 'ஆர்ஓ' (ரீட் ஒன்லி) போட்டால் ஜர்னலில் (எழுதப் போவதை முன்கூட்டிக் குறித்து வைக்கும் ஏட்டில்) பாக்கி இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் மவுண்ட் ஆகும். ஒன்றுமே எழுதக் கூடாது என்றால் 'நோலோடு' என்பதையும் சேர்க்க வேண்டும்.

சூப்பர்பிளாக் உண்மையிலேயே போயிருந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. பேரேட்டின் முதல் பக்கம் அது, அதன் நகல்கள் உள்ளே பல இடங்களில் இருக்கின்றன. 4 கேபி பிளாக் என்றால் 32768, 98304, 163840, 229376 என்று போகும். எக்ஸ்ட்4க்கான எஃப்எஸ்சிகேயான இ2எஃப்எஸ்சிகேவுக்கு மைனஸ் சின்ன பி 32768, மைனஸ் பெரிய பி 4096 கொடுங்கள், அந்த நகலை வைத்து வேலையைத் தொடங்கும். இந்த எண்களைக் கண்டுபிடிக்க, ஃபார்மட் செய்யும் கமாண்டான எம்கேஇ2எஃப்எஸ்ஸோடு மைனஸ் என் போடுங்கள் என்று பல இடங்களில் சொல்வார்கள். சரிதான், ஆனால் அந்த ஒரு 'என்' விட்டுப்போனால் பார்ட்டிஷன் ஃபார்மட் ஆகிவிடும். மேல்படலத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களின் நாஸில் வேறு ஃபைல் சிஸ்டம் இருக்கலாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எஃப்எஸ்சிகே எதுவும் செய்யாது, எக்ஸ்எஃப்எஸ்-ரிப்பேர்தான். அதில் மைனஸ் பெரிய எல் பாக்கி லாகைத் துடைத்துப் போட்டுவிடும், கடைசி ஆயுதம். பிடிஆர்எஃப்எஸ்ஸில் செக் மைனஸ் மைனஸ் ரிப்பேரைத் தொடவே தொடாதீர்கள், முதலில் பிடிஆர்எஃப்எஸ் ரீஸ்டோர் மூலம் ஃபைல்களை வெளியே இழுங்கள். இசட்எஃப்எஸ்ஸுக்கு எஃப்எஸ்சிகே என்ற ஒன்றே கிடையாது, எழுதியிருப்பதையெல்லாம் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்தான். ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்த அமைப்பு) பிரிந்து போயிருந்தால் எம்டிஏடிஎம் கிரியேட் மட்டும் வேண்டாம். ஒவ்வொரு டிஸ்க்கையும் எக்ஸாமின் செய்து, ஈவென்ட் எண் நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்து, அசெம்பிள்.

என் கதைக்கு வருகிறேன். கேபிள் மாற்றி, இமேஜ் எடுத்து, அதற்குப் பிறகு எஃப்எஸ்சிகே ஓட்டியபோது ஒரே சுற்றில் முடிந்தது. ஆனால் முதல் இரண்டு சுற்றில் போனது போனதுதான். லாஸ்ட் அண்ட் ஃபவுண்டில் எண் பெயரோடு சில ஃபோல்டர்கள் கிடந்தன, அவற்றைத் திறந்தால் உள்ளே இருந்த ஃபைல்களுக்குப் பழைய பெயர் அப்படியே இருந்தது. அது பெரிய ஆறுதல். தனியாகக் கிடந்தவற்றை 'ஃபைல்' கமாண்டு கொண்டு எது படம், எது வீடியோ என்று பிரித்தேன். அழிந்துபோன சிலவற்றை போட்டோரெக் தேடி எடுத்துக் கொடுத்தது, அதுவும் பெயரில்லாமல்.

பிறகு மாமாவை வரவழைத்து டிவியில் ஒவ்வொரு படமாக ஓட்டினேன். எழுபது தாண்டியவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்ப்பார். "இது செம்மண்டலம் மேஸ்திரி பொண்ணு கல்யாணம்டா, பந்தல்ல மழை ஒழுகுச்சு, பொண்ணு மேல குடை பிடிச்சுதான் எடுத்தேன்." டைப் செய்வேன். "இது யாருன்னு தெரியலையே. ஆனா சட்டை நான் கொடுத்தது, ஸ்டுடியோ சட்டை." அதையும் டைப் செய்வேன், 'ஸ்டுடியோ சட்டை, யாரென்று தெரியாது' என்று. ஞாயிற்றுக்கிழமைகளில் இதுதான் எங்கள் வேலை, இன்னும் முடியவில்லை.

கரண்ட் விஷயம் ஒன்று பாக்கி. வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று யூபிஎஸ் வாங்காமல் இருப்பவர்கள் இன்வெர்ட்டரின் பின்பக்கம் பாருங்கள், பலவற்றில் 'நார்மல்', 'யூபிஎஸ்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் கரண்ட் மாறுகிற இடைவெளியை ஃபேன் தாங்கும், கம்ப்யூட்டர் தாங்காது. நான் இப்போது தனி யூபிஎஸ் வைத்து, அதன் யூஎஸ்பி ஒயரைச் சர்வரில் செருகி, நட் என்ற மென்பொருள் மூலம் பேட்டரி குறைந்தால் தானாக ஷட்டவுன் ஆகும்படி வைத்திருக்கிறேன். புயல் அறிவிப்பு வந்தால் அதையும் நம்புவதில்லை. நானே ஆஃப் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பேக்கப் டிஸ்க்கைப் பாலிதீன் கவரில் சுற்றி மேல் பரணில் வைத்துவிடுவேன்.

கேபிள் மாற்றிவிட்டு ஸ்மார்ட்டில் 5, 197, 198, 199 நான்கும் என்ன காட்டுகின்றன என்று உங்கள் கேள்வியிலேயே சேர்த்து எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு அடுத்ததைச் சொல்கிறேன். அதுவரை டிஸ்க் ஆஃபிலேயே இருக்கட்டும்.