தெருவைக் கேட்டால் சொல்லும்

வாசகர் கேள்வி – பதில்

(நகர நில அளவைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழ்நாட்டு நகரங்கள் வளர்ந்த கதை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கங்கைகொண்டசோழபுரம் இருநூற்றைம்பது ஆண்டு சோழர் தலைநகர் என்கிறார்கள். இன்றைக்குக் கோயிலை விட்டால் அது கிராமம்தான். அதைவிடப் பழைய காஞ்சிபுரம் மட்டும் இன்னும் ஜேஜே என்று இருக்கிறதே, எப்படி?
— வாசகர், அரியலூர்

தண்ணீர்ப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரி, இன்றைய பொன்னேரி, பக்கத்திலேயே கிடக்கிறது. கொள்ளிடமும் தூரமில்லை.

என் கணக்கு வேறு. அந்த ஊருக்குச் சோறு போட்டது அரண்மனை. படைவீரன், கணக்கன், குதிரைக்காரன், இவர்களுக்குத் துணி வெளுத்தவர், பானை செய்தவர் எல்லோருக்கும் படியளந்தது ஒரே கை. 1279-ஐ ஒட்டிச் சோழ அரசு முடிந்ததும் அந்தக் கை நின்றுவிட்டது. அப்புறம் அங்கே உட்கார்ந்து என்ன செய்வது? ஆட்கள் பிழைப்பைத் தேடிக் கிளம்பிவிட்டார்கள். அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் தோண்டியபோது செங்கல் சுவரின் அடிப்பகுதியும் கூரை ஓடுகளும் கிடைத்தன. அரண்மனையில் மிஞ்சியது அவ்வளவுதான். கோயிலின் சுற்றுமதிலையும் விட்டுவைக்கவில்லை. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியவர்கள் மதில் கல்லைப் பெயர்த்து வண்டியேற்றிவிட்டார்கள். அந்த அணை இருக்கிற அணைக்கரைப் பக்கம் போனால் கீழே குனிந்து பாருங்கள். உங்கள் ஊர்க் கல் அங்கே தண்ணீருக்குள் கிடக்கிறது.

காஞ்சியில் பல்லவர் போனார்கள், சோழர் வந்தார்கள், விஜயநகரத்தார் வந்தார்கள். தறி நிற்கவில்லை. நெசவாளிக்கு வேண்டியது நூலும் வாங்குகிற ஆளும்தான். சிம்மாசனத்தில் யார் என்பது வரி கட்டும் நாளில் மட்டும் ஞாபகம் வருகிற விஷயம். கோயில்களுக்கு வருகிற கூட்டம் வேறு. பல கைகள் படியளக்கிற ஊர் ஒரு கை முடங்கினால் சாவதில்லை.

ராஜராஜன் காலத்துத் தஞ்சாவூரில் வீடுகளுக்குக் கதவு எண் இருந்ததாக ஒருவர் மேடையில் பேசினார். கொஞ்சம் அதிகமாகத் தோன்றுகிறதே?
— வாசகி, கும்பகோணம்

அதிகமில்லை அம்மா. பலகை மாட்டவில்லை, ஆனால் கணக்கு இருந்தது. பெரிய கோயில் 1010-ல் முடிந்தது. பல தளிகளிலிருந்து, அதாவது கோயில்களிலிருந்து, சுமார் 400 ஆடல் பெண்களைக் கொண்டுவந்து கோயிலைச் சுற்றிக் குடியமர்த்தினார்கள். அவர்கள் பட்டியல் கல்வெட்டில் அப்படியே இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி (கோயில் பெண்கள் குடியிருந்த தெரு), தென்சிறகு (தெருவின் தென்பக்கம்), தலைவீடு (முதல் வீடு), இன்ன ஊர்க் கோயிலிலிருந்து வந்த நக்கன் இன்னாள். நக்கன் என்பது அந்தப் பெண்களின் பெயருக்கு முன்னால் வரும் அடைமொழி. அடுத்தது இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று வரிசையாக ஓடும். ஆளுக்கு ஒரு பங்கு. ஒரு பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல்.

எங்கள் துறையில் வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் (நகர நில அளவை எண்) என்று எழுதுவோம். வெள்ளைக்காரன் கற்றுக்கொடுத்தது என்று பெருமை பேசுகிற சக ஊழியர்களிடம் இந்தக் கல்வெட்டைப் படித்துக் காட்டியிருக்கிறேன். தெரு, தெருவில் எந்தப் பக்கம், அந்தப் பக்கத்தில் எத்தனையாவது வீடு. இன்று ஒரு தபால்காரரிடம் கொடுத்தாலும் அந்த வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்.

அதே கோயில் கல்வெட்டுகளில் சாலியத் தெரு, வில்லிகள் தெரு, மடைப்பள்ளித் தெரு, திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்று பெயர்கள் வருகின்றன. நெசவாளர், வில்வீரர், சமையல்காரர், கடைக்காரர். கோயிலையும் அரண்மனையையும் படம் பிடிக்கிறவர்கள் இந்தத் தெருக்களை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

கீழடியை நகரம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? அரண்மனை எதுவும் கிடைக்கவில்லையே!
— கல்லூரி மாணவர், சிவகங்கை

நல்லது, கிடைக்காமலே போகட்டும்! செங்கல் கட்டடம், உறைகிணறு, நூல் நூற்கும் தக்களி, தந்தச் சீப்பு, விளையாடிய பகடை, பானையில் தன் பெயரைக் கீறி வைத்த குவிரன் ஆதன். கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை போகிறது என்று மாநிலத் தொல்லியல் துறை 2019-ல் அறிக்கை வெளியிட்டது. நூற்கவும் எழுதவும் விளையாடவும் ஆள் இருந்தால் எனக்கு அது நகரம்தான்.

மதுரையில் மாசி வீதியில் நெரிசல் தாங்கவில்லை. வெளி வீதிகள் மட்டும் எப்படி அத்தனை அகலம்?
— வாசகர், மதுரை

வெளி வீதியில் நீங்கள் நடப்பது கோட்டை நின்ற இடத்தில். நாயக்கர் காலத்துக் கோட்டைக்கு வெளியே அகழி இருந்தது. 1830-களின் கடைசியிலிருந்து, பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, மதிலை இடித்து அந்த இடிபாட்டாலேயே அகழியைத் தூர்த்தார்கள். அப்படிக் கிடைத்த நிலம்தான் வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. பெரியார் பேருந்து நிலையத்துப் பக்கம் கோட்டையின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது, பார்த்திருப்பீர்கள்.

உள்ளே ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று அடுக்கிய வீதிகள் சாமி வலம் வருவதற்காகப் போட்டவை. சித்திரைத் தேர் ஓடுவது மாசி வீதியில் என்பது வெளியூர்க்காரர்களைக் குழப்பும். தேர் திரும்புகிற அகலம் போதும் என்று விட்டார்கள். லாரி வரும் என்று யார் கண்டது?

சென்னை வெள்ளைக்காரன் உண்டாக்கியதுதானே?
— வாசகர், வேலூர்

கோட்டை அவனுடையது, 1639-ல் இடம் வாங்கினான். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தவை. ஆனால் கோட்டைச் சுவரால் ஊர் வளர்ந்துவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வேண்டும். அதற்காக 1734-ல் கூவம் வளைகிற இடத்தில், சுங்குராமர் என்ற பெரிய வணிகரின் தோட்டத்தை எடுத்து, நெசவாளர்களைக் கூட்டிவந்து குடிவைத்தார்கள். அதுதான் சிந்தாதிரிப்பேட்டை. வெளுப்பவர்களுக்கு வண்ணாரப்பேட்டை. 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கத்து வாலாஜா ரோடு நிலையத்துக்கு ரயில் விட்டதும் உங்கள் பக்கத்துச் சரக்கு சுலபமாகத் துறைமுகத்துக்கு வந்தது. ஆக, உங்கள் ஊர்க்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

எங்கள் ஊர் ஊராட்சிதான். ஆனால் சென்சஸில் நகரம் என்று போட்டிருக்கிறார்கள். குப்பை வண்டிகூட வருவதில்லை. இது என்ன நியாயம்?
— வாசகி, திருப்பூர் மாவட்டம்

சென்சஸ்காரர்களுக்கு மூன்று கேள்விதான். மக்கள் 5,000 பேராவது இருக்கிறார்களா? சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வருகிறார்களா? வேலை பார்க்கும் ஆண்களில் நூற்றுக்கு 75 பேராவது விவசாயம் அல்லாத வேலையில் இருக்கிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் நகரம். பனியன் கம்பெனிகள் உள்ள உங்கள் பக்கத்தில் இது சுலபமாகத் தேறிவிடும். 2011 கணக்கில் தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். அதில் உங்களைப் போன்றவர்களும் அடக்கம்.

ஆனால் குப்பை வண்டி சென்சஸ் புத்தகத்தைப் பார்த்து வருவதில்லை. நகராட்சியோ பேரூராட்சியோ ஆக அரசு தனியாக ஆணை போட வேண்டும். கேட்பதற்கு முன் பக்கத்து வீட்டில் பேசிப் பாருங்கள். சொத்து வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று பாதிப் பேர் வேண்டாம் என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.