‘நமக்கெல்லாம் எதுக்கு?’

அன்புள்ள அக்கா,

பாம்பன் பக்கம் என் ஊர். நான் கடலில் பாசி எடுக்கப் போகிறவள். வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், வீட்டில் காசு நடமாட்டம் இருக்காது. அதுகூடப் பழகிவிட்டது. என் மனக்குறை கோயில் விஷயம்.

திருவிழாப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கச் சொல்லி பங்குச் சாமியார் என்னைக் கேட்டார். விரலெல்லாம் துணி சுற்றிப் பாசி பிடுங்குகிறவள், பத்தாவதோடு நின்றவள், பீடத்தில் ஏறி வாசிப்பதா? நமக்கெல்லாம் எதுக்கு என்று மறுத்துவிட்டேன். கடைசியில் நாத்தனார் வாசித்தாள். ஊரே பாராட்டியது. என்னை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஜெபமாலை சொல்லும்போதே, ‘உன் ஜெபம் எங்கே ஏறப்போகிறது’ என்கிறது மனசு. காலையில் எழவே பிடிக்கவில்லை. மகள்கூடப் பள்ளிப் பேச்சுப் போட்டிக்குப் பெயர் கொடுக்கவில்லை, ‘நமக்கெல்லாம் எதுக்கும்மா’ என்கிறாள். அது கிடக்கட்டும். நாத்தனார் திருவிழாவுக்குப் பிறகு முகம் கொடுத்தே பேசுவதில்லை. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

பெயர் வேண்டாம்

அன்புத் தங்கைக்கு,

நாத்தனாரை அப்புறம் பார்ப்போம். ‘அது கிடக்கட்டும்’ என்று தாண்டிப் போனீர்களே, அதைக் கிடக்க விட முடியாது. மகள் சொன்னது உங்கள் வார்த்தை. உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வதைக் காதில் வாங்கித்தான் அவள் வளர்கிறாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், இன்னொன்றும் சொல்கிறேன். உங்களைத் தாழ்த்தி ஊரார் பேசியதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பேசியதெல்லாம் நீங்கள்தான். சாமியார் உங்களைக் கேட்டார், மறுத்தது நீங்கள். காலியாக இருந்த இடத்தில்தான் நாத்தனார் நின்றார். இதைத் தாழ்ச்சி என்று நினைத்திருப்பீர்கள். தாழ்ச்சியுள்ளவர் கேட்ட வேலையைச் செய்துவிட்டுப் போவார். தன் தகுதியைப் பற்றி இவ்வளவு நேரம் யோசித்துக்கொண்டிருக்க மாட்டார்.

மனசு சொல்வதெல்லாம் ஆண்டவர் சொல்வது ஆகிவிடுமா? 42, 43ஆம் திருப்பாடல்களை எடுத்துப் படியுங்கள். ஏன் தளர்ந்து கிடக்கிறாய் என்று பாடுகிறவர் தன் நெஞ்சையே மூன்று முறை கேட்கிறார். முதல் தடவையிலேயே நெஞ்சு அடங்கியிருந்தால் மூன்றாவதுக்கு வேலையே இல்லை. நீங்களும் திருப்பிக் கேளுங்கள். ஜெபம் ஏறாது என்று உனக்கு யார் சொன்னது என்று அதட்டியே கேளுங்கள்.

பைபிளில் இறைவாக்கினர் எலியா சூரைச்செடியடியில் படுத்து, ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். வானதூதர் தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றார். ஆண்டவர் அவருக்கு வேலை கொடுத்தது பிற்பாடுதான். காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுக் கடலில் இறங்குகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழப் பிடிக்காத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள், காசு கேட்க மாட்டார்கள்.

சரி, சாமியாரிடம் போய் வருகிற ஞாயிறு வாசிக்கிறேன் என்று சொல்லுங்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் சத்தமாக வாசித்துப் பழகுங்கள். திக்கினால் அவள் திருத்தட்டும். பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று தெரியாவிட்டால் நாத்தனாரிடம் கேளுங்கள், அனுபவசாலி அவர்தானே.