429 கோடிக்குள் ஐந்து பகா எண்கள்

கேள்வி: மென்பொருள் துறையில் இருக்கும் என் மகன், 4294967295 என்ற எண் தன் வேலையில் அடிக்கடி தென்படுவதாகச் சொல்கிறான். கணினியைத் தவிர, கணிதத்திலும் இந்த எண்ணுக்குத் தனிச்சிறப்பு உண்டா?
– வாசகி, அல்சூர், பெங்களூரு.

பதில்: நிச்சயமாக உண்டு. கணினி எண்களைச் சேமிக்கும், 0 அல்லது 1 மட்டுமே அடங்கும் இடங்களைப் பிட்டுகள் என்பார்கள். 32 பிட்டுகளிலும் 1 என்று நிரப்பினால் வரும் எண் இது. அதாவது, 2-இன் 32-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், அவற்றின் மூல எண்களுடைய கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் பெருக்கி வருவதற்குச் சமம் என்று எட்டாம் வகுப்பில் படித்திருப்பீர்கள். அதன்படி, 65536-இன் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்துப் பெறும் இந்த எண், 65537 × 65535 என்று பிரியும். அதே வழியில் 65535 என்பது 257 × 255. 255 என்பது 17 × 15. 15 என்பது 5 × 3. ஆக, 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்து எண்களின் பெருக்கற்பலனே உங்கள் மகன் சொன்ன எண். ஐந்துமே பகா எண்கள். ஒவ்வொன்றும் ஒரே முறைதான் வருகிறது. எனவே 1-ஐயும் அந்த எண்ணையும் சேர்த்து அதற்கு 32 காரணிகள்.

2-இன் 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் அடுக்குகளோடு 1-ஐக் கூட்டி வரும் பகா எண்கள், பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மாவின் பெயரால் ஃபெர்மா பகா எண்கள் எனப்படுகின்றன. இந்த ஐந்தும் அவ்வகையைச் சேர்ந்தவை. இன்றுவரை அறியப்பட்டவை இவை மட்டுமே. 1796-இல், பதினெட்டு வயது ஜெர்மானியக் கணிதவியலாளர் காஸ், 17 பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டறிந்தார். ஒற்றைப்படையில் பக்கங்கள் உள்ள ஒழுங்குப் பலகோணத்தை அவ்வாறு வரைய வேண்டுமானால், பக்க எண்ணிக்கை ஒரு ஃபெர்மா பகா எண்ணாகவோ, வெவ்வேறான ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாகவோ இருக்க வேண்டும். ஐந்தையும் பெருக்கிவிட்டதால், அறியப்பட்டவற்றுள் மிகப்பெரிய ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கை 4294967295 ஆகிறது. பூமத்திய ரேகை அளவுக்குச் சுற்றளவு வைத்து அந்தப் பலகோணத்தை வரைந்தாலும், ஒரு பக்கம் ஒரு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. கையால் வரைய இயலாத ஒன்றை, வரைய முடியும் என்று ஐயமறக் காட்டிவிடுவதை நான் கணிதத்தின் பெரும் அழகாகக் கருதுகிறேன்.

இந்த வரிசையில் அடுத்ததாக வர வேண்டியது 4294967297. அதுவும் பகா எண்ணே என்று ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார். தாளும் பேனாவும் எடுத்து நீங்களே பெருக்கிச் சரிபார்க்கலாம், ஐந்து நிமிட வேலைதான். 64 பிட்டுகளில் அடங்கும் மிகப்பெரிய எண்ணான 18446744073709551615, இந்த 4294967297-ஐ 4294967295-ஆல் பெருக்கி வருவது. 641 அதன் காரணியாகிவிடுவதால், அத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலாலும் கவராயத்தாலும் வரைய முடியாது.